அரசர் மறைவும் வானொலியின் துக்கமும்

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலையில், எலிசபெத் அரசியாரின் கணவர் இளவரசர் பிலிப் தமது 99ஆம் வயதில் வின்சர் மாளிகையில் காலமானார். அதைத் தொடர்ந்த சில நாள்களில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்திற்கு, அதாவது பி.பி.சி.க்கு, 109,741 புகார்கள் வந்து குவிந்தன. செய்தி தவறு என்று யாரும் குறை கூறவில்லை. இறந்தவரை இழிவுபடுத்திவிட்டார்கள் என்பதும் பெரும்பாலோர் கூறிய குறையன்று. துக்கம் மிகையாகிவிட்டது என்பதே அவர்கள் குறை. அந்தக் கழகத்தின் வரலாற்றில் எந்த நிகழ்ச்சிக்கும் இத்தனை புகார்கள் வந்ததில்லை. 2005இல் ஒரு நையாண்டி இசை நாடகத்தை ஒளிபரப்பியபோது சமயப் பற்றுடையோர் சினந்தெழுந்து அனுப்பிய 63,000 புகார்களே அதற்கு முன் பெரிய எண்ணிக்கையாக இருந்தன.

இதைக் கேட்டதும் ஒரு முடிவுக்கு வரத் தோன்றும்: ஆங்கிலேயருக்கு அரச குடும்பத்தின்பால் இருந்த பற்று அற்றுவிட்டது என்று. ஆனால் எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 17ஆம் நாள் நடந்த அதே இளவரசரின் இறுதிச் சடங்கைப் பிரிட்டனில் ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் கண்டனர். பற்று அற்றவர்கள் இப்படி அமர்ந்து பார்ப்பார்களா? எனவே புகாரின் பொருளை வேறிடத்தில்தான் தேட வேண்டும். அதற்கு 1936ஆம் ஆண்டின் ஓர் இரவுக்குச் செல்வது தகும்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வானொலியோடு நெருங்கிய தொடர்புடையவர். 1924இல் வெம்பிளி கண்காட்சியைத் திறந்து வைத்தபோது அவருடைய குரல் முதன்முதலாக வானொலியில் ஒலித்தது. 1932ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் பேரரசு முழுவதற்கும் அவர் வானொலி வழியே வாழ்த்துக் கூறினார்; அவ்வுரையை எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். அந்தக் கிப்ளிங் 1936 ஜனவரி 18ஆம் நாள் இறந்தார். இரண்டு நாள் கழித்து, நள்ளிரவு நெருங்கும் வேளையில், அரசரும் கண் மூடினார். உரை எழுதியவரும் படித்தவரும் ஒரே வாரத்தில் மறைந்தது காலத்தின் விந்தை.

ஜனவரி 20ஆம் நாள் இரவு ஒன்பதரை மணி அளவில், அரச மருத்துவர் டாசன் பிரபு உணவுப் பட்டியல் அட்டை ஒன்றில் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் சான்ட்ரிங்கம் மாளிகையிலிருந்து வெளிவந்தது. அரசரின் உயிர் அமைதியாகத் தன் முடிவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். ஸ்டூவர்ட் ஹிபர்ட் என்னும் அறிவிப்பாளர் அதை வானொலியில் படித்தார். மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. கால்மணி நேரத்திற்கு ஒருமுறை அதே வாக்கியம், இடையில் மௌனம். நள்ளிரவு கடந்தபின், கழகத்தின் தலைமை இயக்குநர் ஜான் ரீத் தாமே ஒலிவாங்கியின்முன் வந்து மரணச் செய்தியை அறிவித்தார். மறுநாளும் வழக்கமான பாட்டும் நாடகமும் இல்லை.

அந்த இரவைப் பற்றி மற்றொரு செய்தி ஐம்பது ஆண்டுகள் மறைந்து கிடந்தது. டாசன் பிரபுவின் குறிப்பேடு 1986இல் வெளியானபோதுதான், அவர் மார்பின், கோக்கேன் என்னும் மருந்துகளை ஊசி வழியே செலுத்தி அரசரின் முடிவை விரைவுபடுத்தினார் என்பது உலகுக்குத் தெரிந்தது. நோயாளியின் வேதனையைக் குறைப்பது மட்டும் நோக்கமன்று. மரணச் செய்தி தரம் குறைந்த மாலைப் பத்திரிகைகளில் முதலில் வராமல், காலையில் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் வர வேண்டும் என்பதும் அவர் கருத்து. கண்ணியமான பத்திரிகையே அரசரின் மறைவை அறிவிக்கத் தகுந்தது என்று நினைத்த அம்மருத்துவர் வானொலியைக் கணக்கில் சேர்க்கவில்லை போலும்! காலைப் பத்திரிகை வீட்டு வாசலில் விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே ரீத்தின் குரல் செய்தியைச் சொல்லிவிட்டது.

அப்போது பிரிட்டனில் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வானொலி உரிமங்கள் இருந்தன. நாட்டிற்குள் ஒலிபரப்பும் உரிமை பெற்றிருந்தது பி.பி.சி. ஒன்றே. ஆகவே அது மௌனமானால் நாடே மௌனமானது போன்ற தோற்றம் உண்டாகும். ஆனால் அது தோற்றந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரீத் வழங்கிய கடுமையான சமய நிகழ்ச்சிகளைப் பொறுக்காதவர்கள் அந்நாளிலேயே ரேடியோ லக்சம்பர்க் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கேட்பவர் வேறு வழி தேடும் பழக்கம் வானொலியைப் போலவே பழமையானது.

1952 பிப்ரவரி 6ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். காலை பதினொன்றே கால் மணிக்கு ஜான் ஸ்னாக் அச்செய்தியைப் படித்தார். பின்னர் செய்தி அறிக்கை போன்ற இன்றியமையாதவை தவிர மற்றவை நின்றன. முறை மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1936இலும் 1952இலும் ஒலிபரப்பு நிலையம் துக்கம் கொண்டாடிய விதம் வாயை மூடிக்கொள்வது. சாவு வீட்டின் அக்கம்பக்கத்தில் இருப்பவர் பாட்டை நிறுத்துவதற்கு ஒப்பானது அது. துக்கப்படுகிறவருக்கு அந்த மௌனத்தில் இடம் உண்டு. துக்கமில்லாதவரும் தம் வேலையைப் பார்க்கலாம். எவரையும் அமர்த்தி வைத்து, இப்படித் துக்கப்படு என்று அது சொல்லவில்லை.

அந்த முறையைத் தொலைக்காட்சி தலைகீழாக்கியது. படம் காட்டும் கருவியால் மௌனமாக இருக்க முடிவதில்லை. 1952 பிப்ரவரி 15ஆம் நாள் ஆறாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலம் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அரசர் ஒருவரின் இறுதி ஊர்வலம் திரையில் வந்தது அதுவே முதல் முறை. 1955இல் வணிகத் தொலைக்காட்சி வந்தது; பின்னர் ஒளிவழிகள் ஒன்று பலவாயின. துக்கம் என்பது பாட்டை நிறுத்துவது என்ற நிலை போய், இறந்தவரைப் பற்றி இடைவிடாது பேசுவது என்ற நிலை வந்தது. அறிந்தவரும் அறியாதவரும் அழைத்து வரப்பட்டனர். ஒரே படம் பத்து முறை ஓடிற்று.

இம்மாற்றத்தின் முழு வடிவத்தைக் காண ஜப்பானைப் பார்க்க வேண்டும். ஹிரோஹித்தோ மாமன்னரின் பெயரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் மறந்திருக்க முடியாது. 1942 முதல் 1945 வரை அவர் பெயரால்தான் இங்கே ஆட்சி நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் தோக்கியோ இருந்த திசை நோக்கிக் குனிந்து வணங்கியதும் அவருக்காகவே. அவர் 1988 செப்டம்பர் 19ஆம் நாள் இரத்தம் கக்கி விழுந்தார். 1989 ஜனவரி 7ஆம் நாள் இறந்தார். இடைப்பட்ட 111 நாள்களும் அவருடைய உடல் வெப்பம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஜப்பானியத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் அறிவித்து வந்தன. திருவிழாக்கள் கைவிடப்பட்டன. கார் விளம்பரம் ஒன்றில் ஒருவர் கண்ணாடியை இறக்கி, எல்லோரும் நலந்தானா என்று கேட்பார். நோயுற்ற மன்னரை நினைவூட்டும் என்று அஞ்சி அந்தக் குரலை மட்டும் நீக்கிவிட்டார்கள். வாய் அசையும், ஓசை வராது! இதற்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘ஜிஷுக்கு’, அதாவது தாமே தம்மை அடக்கிக்கொள்ளுதல். ஆனால் தாமே அடக்கிக்கொண்டவர் எத்தனை பேர், அண்டை வீட்டார் என்ன சொல்வாரோ என்று அடங்கியவர் எத்தனை பேர் என்பதை எவர் அளந்து சொல்ல வல்லார்? அந்த நாள்களில் நாகசாகி நகரத் தலைவர் மோத்தோஷிமா, போருக்கு மன்னரும் பொறுப்பாளி என்று வெளிப்படையாகச் சொன்னார். 1990 ஜனவரியில் அவர் சுடப்பட்டார். நல்லூழாக உயிர் பிழைத்தார்.

மன்னர் இறந்ததும் வணிகத் தொலைக்காட்சி நிலையங்கள் விளம்பரங்களையும் வழக்கமான நிகழ்ச்சிகளையும் நிறுத்திவிட்டு, இரண்டு நாள் முழுதும் அவருடைய வாழ்வையே காட்டின. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே முகம். மக்கள் தெருவில் இறங்கிக் கூச்சலிடவில்லை. வாடகைக்கு வீடியோ கொடுக்கும் கடைகளுக்குச் சென்றார்கள். கடைகளில் கூட்டம் நெரிந்தது. மன்னரை அவமதிக்க வேண்டும் என்று போனவர்கள் அல்லர் அவர்கள். அரண்மனை வாயிலில் அஞ்சலி செலுத்தியவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

பிரிட்டனிலோ இதற்கு எதிரான குறையும் எழுந்ததுண்டு. 1997இல் டயானா இறந்தபோது, அரச குடும்பம் போதிய அளவு துக்கம் காட்டவில்லை, அரண்மனையில் கொடியைக் கூட இறக்கவில்லை என்று மக்கள் சினந்தனர். 2002 மார்ச் 30ஆம் நாள் 101 வயதான அரசியன்னையார் காலமானபோது, செய்தி வாசித்த பீட்டர் சிசன்ஸ் கறுப்பு நிறத்துக்குப் பதிலாகக் கருஞ்சிவப்புக் கழுத்துப்பட்டி அணிந்திருந்தார். ஒரு கழுத்துப்பட்டிக்காகப் பத்திரிகைகள் பி.பி.சி.யை வாட்டி எடுத்தன. குறைவாகச் செய்தால் ஏச்சு, மிகையாகச் செய்தால் ஏச்சு இல்லை என்பது 2002இன் பாடமாக அந்நிலையத்தின் நெஞ்சில் பதிந்திருந்தால் அதில் வியப்பில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2021 ஏப்ரலை நோக்க வேண்டும். பிலிப் இறந்த அன்று பி.பி.சி.யின் முதல் ஒளிவழியிலும் இரண்டாம் ஒளிவழியிலும் ஒரே நிகழ்ச்சி ஓடிற்று. நான்காம் ஒளிவழி அடியோடு நிறுத்தப்பட்டு, முதல் ஒளிவழிக்குச் செல்க என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. சமையல் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றும் தள்ளி வைக்கப்பட்டது. பல வாரம் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அது சிறிய ஏமாற்றமன்று.

அது கொள்ளை நோய்க் காலம் என்பதும் நினைவிற்குரியது. பிரிட்டனில் அதுவரை 127,000 பேர் அந்நோயால் மாண்டிருந்தனர். மக்கள் வெளியே செல்ல இடமில்லாமல் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். மாலை நேரத்தில் தொலைக்காட்சியே துணை. பெற்றோரையும் துணைவரையும் இழந்தவர்கள், இறுதிச் சடங்கில் முப்பது பேருக்கு மேல் கூடலாகாது என்ற சட்டத்திற்கு அடங்கி, விரல் விட்டு எண்ணத்தக்க உறவினரோடு அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அத்தகைய வீடுகளில் எல்லாம் ஒரே துக்கம் எல்லா வாயில்களாலும் நுழைந்தது.

அந்த இரவு ஏழு மணி முதல் பதினொரு மணி வரை இரண்டாம் ஒளிவழியைப் பார்த்தவர்கள் சராசரியாக 340,000 பேர்; முந்திய வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அஞ்சலி நிகழ்ச்சிகளையே காட்டிய வணிக நிலையமான ஐ.டி.வி. ஏறத்தாழ 60 விழுக்காடு பார்வையாளரை இழந்தது. பி.பி.சி.யின் முதல் ஒளிவழி இழந்ததோ 6 விழுக்காடு மட்டுமே. துக்கச் செய்தியைப் பார்க்க விரும்பியவர்கள் அங்கே இருந்தார்கள். மற்றவர்கள் வேறிடம் தேடினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அன்று மிகுதியானோர் பார்த்த நிகழ்ச்சி, நான்காம் ஒளிவழி என்னும் பிறிதொரு நிலையம் காட்டிய ஒரு வேடிக்கை நிகழ்ச்சி. வீடுகளில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காட்டுவது அது. 42 இலட்சம் பேர் அதைப் பார்த்தார்கள்.

புகார்களின் எண்ணிக்கையைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மை. பி.பி.சி. தானே இணையத்தில் ஒரு தனிப் படிவம் வைத்து, மிகையான ஒளிபரப்பைப் பற்றிக் குறை கூற விரும்புவோர் மின்னஞ்சல் முகவரியை மட்டும் எழுதினால் போதும் என்றது. இப்படிக் குறை கூறுவதை எளிதாக்கிவிட்டீர்களே என்று குறை கூறியவர்களும் 116 பேர்! ஆயினும் படிவம் எளிதாயிருந்ததால் மட்டும் ஒரு இலட்சம் பேர் எழுதிவிட மாட்டார்கள். 2021இல் உரிமக் கட்டணமாக ஆண்டுக்கு 159 பவுன் செலுத்தியவர்கள் அவர்கள். சிங்கப்பூரில் 2011 வரை அத்தகைய கட்டணம் இருந்தது. செலுத்தியவர்களுக்கு அந்த உணர்வு விளங்கும்.

அடுத்த வாரம் இறுதிச் சடங்கு வந்தது. அரசியாரும் அதே சட்டத்திற்கு அடங்கினார்; முப்பது பேர் மட்டுமே கூடினர். ஆலயத்தில் கறுப்பு உடையும் முகக்கவசமும் அணிந்து அவர் தனியே அமர்ந்திருந்தார். நோய்க்காலத்தில் தம்மவரைப் பறிகொடுத்த எத்தனையோ பேர் அதே போல் அமர்ந்திருந்தவர்கள். முன்பு முகம் திருப்பிக்கொண்டவர்களிலும் பலர் அன்று பார்த்திருப்பார்கள். அன்று அவர்கள் தாமே விரும்பி வந்து பார்த்தார்கள்.

2022 செப்டம்பர் 8ஆம் நாள் எலிசபெத் அரசியாரே மறைந்தார். எழுபது ஆண்டு ஆண்டவர். இளவரசருக்குக் காட்டியதைவிடப் பன்மடங்கு நேரம் அவருக்காகச் செலவிடப்பட்டது. ஆனால் வந்த புகார்கள் முந்திய ஆண்டின் தொகையை நெருங்கவே இல்லை. அரசியாரின் மீது மக்கள் கொண்டிருந்த அன்பு ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. முதல் ஒளிவழியில் இடமிழந்த நிகழ்ச்சிகள் சில இம்முறை இரண்டாம் ஒளிவழிக்கு மாற்றப்பட்டன. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அரசியாரின் உடல் வைக்கப்பட்டிருந்த நாள்களில், மக்கள் வரிசையாக வந்து வணங்கிச் செல்லும் காட்சி இரவும் பகலும் தனி ஒளிபரப்பாக வழங்கப்பட்டது. அதில் பெரும்பாலும் பேச்சு இல்லை. காவலர் மாறும்போது எழும் தடியோசை, நடந்து செல்வோரின் காலடியோசை, இவ்வளவே. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் நேரில் அம்மண்டபத்தைக் கடந்து சென்றனர். நேரில் செல்ல இயலாதவர்கள் தம் வீட்டில் இருந்தபடி, வேண்டும்போது அதைத் திறந்து பார்த்து, போதும் என்றபோது மூடிக்கொண்டார்கள்.