ஜெராக்ஸ் கடை மேல ஒரு கேஸு

திருப்பத்தூர்ல நான் காலேஜ் படிச்சப்ப, பொருளாதாரத்துக்குச் சொன்ன புத்தகம் லைப்ரரில ஒண்ணே ஒண்ணுதான். கிளாஸ்ல நாப்பது பேர். மத்தவங்க ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவோம். ஜவ்வாது மலையில புதூர்நாட்டுப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கியிருந்த நண்பன் ஒருத்தன் மட்டும் காசில்லாம ராத்திரியெல்லாம் கையாலயே எழுதுவான். "டேய், நீங்க பண்றது திருட்டு இல்லையா?"ன்னு ஒருநாள் கேட்டான். அவனைக் கிண்டல் பண்ணிட்டு விட்டுட்டோம்.

அதே கேள்வி பல வருஷம் கழிச்சு டில்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு. டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துல ராமேஷ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ்னு ஒரு சின்ன கடை. வாத்தியார்கள் படிக்கச் சொன்ன அத்தியாயங்களைப் பல புத்தகங்கள்லேர்ந்து நகலெடுத்து, ஒண்ணா பைண்ட் பண்ணிக் கொடுப்பாங்க. 2012 ஆகஸ்ட்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூணு பதிப்பகமும் சேர்ந்து கடை மேலயும் பல்கலைக்கழகத்து மேலயும் வழக்குப் போட்டாங்க. யானை மூணு, எலி ஒண்ணு! அக்டோபரில் இடைக்காலத் தடையும் வந்துடுச்சு. வேடிக்கை என்னன்னா, அந்தப் புத்தகங்களை எழுதினவங்கள்லயே பலர் "வழக்கை வாபஸ் வாங்குங்க"ன்னு கடிதம் எழுதினாங்க. அமர்த்தியா சென்னும் அதையேதான் கேட்டார்.

நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்துல 52வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. எதெல்லாம் மீறல் ஆகாதுன்னு சொல்ற பிரிவு. அதுல, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுத்தா அது மீறல் இல்லைன்னு இருக்கு. எத்தனை பக்கம்னு கணக்கு எதுவும் போடலை. சண்டையே அங்கதான். "பாடம் நடத்தும்போது"ன்னா வகுப்பறைக்குள்ள மட்டுமா? ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவுல கடைக்காரர் காசு வாங்கிட்டு எடுத்துக் கொடுக்கலாமா?

2016 செப்டம்பர் 16ஆம் தேதி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி பண்ணினார். காப்புரிமை தெய்வம் கொடுத்த உரிமையோ இயற்கை உரிமையோ இல்லைங்கறது அவர் வாதம். தீர்ப்புல தன்னோட சட்டக் கல்லூரி நாட்களையும் சொல்றார்: மாணவர்கள் லைப்ரரில முறை வெச்சு உட்கார்ந்து பக்கம் பக்கமா கையால எழுதுவாங்களாம். கையால எழுதினா தப்பில்லைன்னா மெஷின்ல எடுத்தா மட்டும் எப்படித் தப்பாகும்? அதைப் படிச்சதும் எனக்குப் புதூர்நாட்டுக்காரன் ஞாபகம்தான்.

டிசம்பர்ல அப்பீல் பெஞ்சும் மாணவர் பக்கமே நின்னுது. ஆனா, எடுத்த நகலெல்லாம் பாடத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்டதான்னு விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிச்சு. 2017 மார்ச்ல பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிட்டதால, அந்த விசாரணை நடக்கவே இல்லை. அதே வருஷம் மே மாசம், பதிப்பாளர் தரப்பு அமைப்பு ஒண்ணு போட்ட அப்பீலையும் சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கலை.

அதுக்காக முழுப் புத்தகத்தையும் காப்பியடிச்சு விக்கறதுக்கு இது லைசென்ஸ் இல்லீங்க. ஐநூறு பிரதி போட்டு அதை விக்கவே திண்டாடுற தமிழ்ப் பதிப்பாளர் வயித்துல அடிக்கறதை என்னால நியாயப்படுத்த முடியாது.

போன மாசம் நண்பனுக்கு போன் போட்டு இந்தக் கதையெல்லாம் சொன்னேன். "அப்ப என் கைவலிக்கு யாருடா நஷ்டஈடு தருவா?"ங்கறான்.