கால்வாய் உப்பும் கழுத்துக் கழலையும்

வத்தளையின் ஓரமாக ஓடும் ஹமில்டன் கால்வாயை 1802க்கும் 1804க்கும் இடையில் ஆங்கிலேயர் வெட்டினார்கள். புத்தளத்து உப்பு நீர்வழியே வள்ளங்களில் கொழும்புக்கு வந்த காலம் அது. இவ்வளவு கடலுப்பு வாசலுக்கே வந்தும் தென்மேற்குக் கரையோர மக்களின் கழுத்தில் கழலை வளர்ந்தது.

உப்பளத்தில் கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அதில் அயடின் மிக அற்பமாகவே மிஞ்சுகிறது. ஈரவலய மழையோ மண்ணிலிருந்த அயடினையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அயடின் போதாத, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை மூளையடிச் சுரப்பி ஓயாமல் தூண்டுகிறது. தைரொயிட் பெருத்துக் கழலையாகிறது, நாளடைவில் அதில் கட்டிகளும் தோன்றுகின்றன. தாயும் மகளும் குடித்தது ஒரே கிணற்று நீர் என்பதால் இருவர் கழுத்தும் வீங்கியதைப் பரம்பரை நோய் என்று மட்டும் கொள்ள முடியாது.

ஆய்வாளர் டக்மார் வில்சன் இலங்கைக் கழலையை ஆராய்ந்து 1954இல் எழுதினார். ஆனாலும் நடவடிக்கை மிகவும் பிந்தியே வந்தது. 1989இல் வெளியான ஆய்வொன்று 17 மாவட்டங்களில் 59,158 பேரைப் பார்த்து, 18.8 சதவீதத்தினருக்குக் கழலை இருந்ததாகச் சொன்னது. மாத்தளையில் 6.5, களுத்துறையில் 30.2. ஒரு மாவட்டத்தில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு என்று சொல்லக்கூடிய நிலை வரும்வரை ஒரு நாடு காத்திருந்தது வேதனைக்குரியது. உப்பில் அயடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் விதிகள் 1993இல்தான் வந்தன.

அதே 1993இல், தைரொயிட்டின் மெடுல்லரி புற்றுநோய் குடும்பங்களில் இறங்கி வருவதற்கு ரெட் எனும் மரபணுவின் பிழையே காரணம் என்று மேலைநாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இது அரிய வகை; அந்த நோயாளிகளிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கே பரம்பரைக் காரணம். ஆனால் பிழையுள்ள மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு சரிபாதி. சாதாரணக் கழலையிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. ஒரே தண்ணீரைக் குடித்தவர்களில் சிலருக்கு மட்டும் கட்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சிறுவயதில் கழுத்தில் படும் கதிர்வீச்சு இன்னொரு காரணம். 1986இல் செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் பின் அங்குள்ள பிள்ளைகளிடம் அது தெளிவாகத் தெரிந்தது.

அயடின் உப்பு வந்ததோடு கதை முடியவில்லை. அண்மைய தேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து நிற்பது தைரொயிட் புற்றுநோய். பெரும்பாலான கட்டிகள் புற்றல்ல. புற்றானவையும் பெரும்பாலும் குணமாகக்கூடியவை. ஆகவே கழுத்தில் கட்டி தென்பட்டால் மறைக்காமல் வைத்தியரிடம் போங்கள். அம்மம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ தைரொயிட் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அது எந்த வகைக் கட்டி என்று வீட்டில் கேட்டறிந்து, அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.