குடிநீரில் கிருமி: ராமன் ஒளியும் வளையும் தாளும்

ஊரணித் தண்ணீரையும், குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தண்ணீரையும் நம்பி இருப்பவர்கள் நம் சிக்கல் வட்டாரத்து மக்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால், கிருமி கண்ணுக்குத் தெரியாது.

இப்போது கிராமங்களில் இதைச் சோதிக்க ஒரு சிறு குப்பி உண்டு. அதில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கழிவுக் கிருமிகள் இருக்கும்போது கறுத்துவிடும். 1982ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை இது. குறை ஒன்றுதான். விடை தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் குடம் காலியாகி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் வந்திருக்கும்!

இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் முயற்சிக்கு அடிப்படை நம்மவர் கண்டதே. 1928 பிப்ரவரி 28ல் கொல்கத்தாவில் சர் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் அது. அந்த ஆய்வில் உடனிருந்த கே.எஸ். கிருஷ்ணன், முன்பு நம் இராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்த வத்திராயிருப்பில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பொருளின் மீது ஒளி பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். கைரேகை போல அதை வைத்தே பொருளை அடையாளம் காணலாம்.

ஆனால் அந்த ஒளி மிக மங்கலானது. 1974ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மேல் ஒட்டிய பொருளிலிருந்து ராமன் ஒளி வழக்கத்துக்கு மாறாக வலுவாக வருவதைக் கண்டார்கள். வெள்ளி, தங்க நுண்துகள்களின் இடுக்குகளில் அது லட்சக்கணக்கான மடங்கு பெருகும் என்பது பின்னர் தெளிவானது.

முதலில் இத்துகள்களைக் கண்ணாடி, சிலிக்கான் சில்லுகளில் படியவைத்தார்கள். அவை வளையாது. மீனின் செதிளையோ குடத்தின் உட்புறத்தையோ அவற்றால் துடைத்தெடுக்க முடியுமா? அதனால் வடிதாள், பருத்தித் துணி, ரப்பர் போன்ற சிலிக்கோன் படலம் ஆகியவற்றில் துகள்களைப் பதிக்கிறார்கள். தாளும் துணியும் ஈரத்தை உறிஞ்சிக் கிருமியைத் துகள்களின் அருகே கொண்டுவரும். சிலிக்கோன் படலம் ஒளி ஊடுருவக்கூடியது. ஒட்டியபடியே மேலிருந்து லேசரைச் செலுத்திப் பார்க்கலாம்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது (ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை). இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. லேசர் பார்ப்பதோ தாளின் ஒரு புள்ளியை மட்டும். ஆகவே முதலில் தண்ணீரை வடிகட்டிக் கிருமிகளை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். துகள்கள் தாள் முழுதும் ஒரே சீராகப் படிவதும் கடினம். வெள்ளி காற்றுப் பட்டு மங்கும். நம் உப்புக்காற்றில் சொல்லவே வேண்டாம்.

கையில் பிடிக்கும் ராமன் கருவிகள் ஏற்கெனவே மருந்துப் பொருள்களைச் சரிபார்க்கப் பயன்படுகின்றன. கிருமிக்கான தாள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நம் வீடுகளில் இப்போதைக்கு நிறுத்த முடியாது.