கதிர் வேகமும் கணினி வேகமும்

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலான நூற்பாலைகளின் கதையை வேகத்தின் கதையாகவும் படிக்கலாம். நூலை முறுக்கிச் சுற்றும் கதிரை, அதாவது ஸ்பிண்டிலை, எவ்வளவு விரட்டலாம் என்பதை மோட்டார் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள ரிங்கின்மேல் இழையோடு ஓடும் டிராவலர் என்னும் சிறு கொக்கி உராய்ந்து சூடாகிறது, இழையின் இழுவிசை ஏறி நூல் அறுகிறது. வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, அறுபடும் நூலை எண்ணிப் பார்ப்பதே விவேகம்.

கணினி பிராசஸரின் வேகத்தை ஏற்றும்போதும் (ஓவர்கிளாக்கிங்) இதே விவேகம் வேண்டும். இரும்பும் சிலிக்கனும் ஒன்றா என்று கேட்கலாம். 1998-இல் வந்த 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் பிராசஸர் பலரிடம் 450-இல் சிரமமின்றி ஓடியதே! உண்மைதான், ஆனால் அது மேசைக் கணினி. வேகத்துக்காக மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்செலவு அதன் இருமடி விகிதத்தில் ஏறும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோடையில் ஒடுங்கிய கேமிங் லேப்டாப்புக்குள் அந்தச் சூடு எங்கே போகும்? பிராசஸர் வேகத்தை மாற்ற முடியாதபடி பூட்டப்படாததா என்று முதலில் பார்த்து, மின்னழுத்தத்தைத் தொடாமல் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றி, முழுச் சுமையில் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும்.