அந்தமான் சொற்களும் எக்ஸ்எம்எல் குறிகளும்

2010 ஜனவரியில் போவா சீனியர் காலமானபோது, அகா-போ மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிக் குரலும் அடங்கியது. அவர் பேசியவையும் பாடியவையும் ஒலிப்பதிவுகளாக எஞ்சின. மொழியியலாளர் அன்விதா அப்பி மேற்கொண்ட பெரிய அந்தமானிய மொழி ஆவணத் திட்டத்தின் பயன் அது. அத்தகைய பதிவுகளை எந்த வடிவில் வைத்தால் அடுத்த நூற்றாண்டிலும் படிக்க இயலும்?

இத்தீவுகளின் மொழிகள் காலனிய அதிகாரிகளின் கையால் நூல்வடிவம் பெற்றன. போர்ட்மனின் கையேடு 1887-இல் வெளிவந்தது, இ. எச். மேனின் அகா-பேயா அகராதி 1923-இல் நூலாயிற்று. மேன் ஆங்கிலச் சொற்களின் அகரவரிசையைப் பின்பற்றினார். பெரிய அந்தமானிய மொழியின் இயல்போ வேறு. அதில் உறுப்பின் பெயர் தனித்து நிற்பதில்லை. உடற்பகுதியைச் சுட்டும் முன்னொட்டோடு சேர்ந்தே வரும். அம்முன்னொட்டுகளை அப்பி ஏழு வகைகளாகப் பகுத்துள்ளார். அவை வினைகளிலும் பெயரடைகளிலும் ஊடுருவுகின்றன. ஆங்கில வரிசையில் இவ்வுறவு சிதறிப்போகும்.

1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த எக்ஸ்எம்எல், முன்னொட்டு, வேர், பொருள் என ஒவ்வொரு கூற்றையும் பெயரிட்டுக் குறிக்க இடமளிக்கிறது. எனவே ஒரே கோப்பிலிருந்து அகரவரிசை அகராதியையும் பெறலாம்; ஏழு வகைகளின்படி அடுக்கிய அகராதியையும் பெறலாம். நெய்மேகன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஈலான் மென்பொருள், ஒலியோடு நேரம் பிணைத்த குறிப்புகளை இவ்வடிவிலேயே சேமிக்கிறது. மென்பொருள் வழக்கொழிந்தாலும் கோப்பை வெற்று உரையாகத் திறந்து படிக்கலாம். காப்பகங்களும் நிலையானவை அல்ல: லண்டன் சோவாஸில் இயங்கிய அருகிவரும் மொழிகளின் ஆவணக் காப்பகம் 2021-இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்தது. ஒரு நிறுவனத்தையோ ஒரு மென்பொருளையோ சாராத வடிவமே இத்தகைய பயணங்களைத் தாங்கும்.

இணையவழித் தரவுப் பரிமாற்றத்தில் ஜேசன் இன்று எக்ஸ்எம்எல்லின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. ஆயினும் தொடர்ந்து செல்லும் உரைக்குள்ளேயே குறிகளைப் பதிக்கும் பணிக்கு எக்ஸ்எம்எல்லே ஏற்றதாக உள்ளது.

எனினும் குறிகள் நடுநிலையானவை அல்ல. மேனின் அகரவரிசையைப் போலவே, எது வேர், எது முன்னொட்டு என்பதும் ஆய்வாளரின் தீர்ப்பே. ஆனால் அச்சில் ஏறிய அடுக்குமுறை நிலைத்துவிடும். குறிகளையோ மூல ஒலிப்பதிவைத் தொடாமலேயே திருத்தலாம். ஸ்ட்ரெயிட் தீவின் வழித்தோன்றல்களுக்கும் அத்திருத்தும் உரிமை கிடைத்தால்தான், அக்கோப்பு ஆய்வாளரின் சேகரிப்பு என்ற நிலையைக் கடந்து அவர்களின் உடைமையாகும்.