பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்த வீடு என்றால், பரணிலோ பீரோவின் மேலோ ஓர் அரசு லேப்டாப் இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆகுது சார், அதான் தூக்கிப் போட்டுட்டோம்." சிலர் பழைய இரும்புக்காரருக்கே கொடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரே ஒரு பாகத்தின் வரலாற்றைச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால், பெட்டியை என்ன செய்வது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

முதலில் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும், ஆடு மாடு வழங்கும் திட்டமும் அதே நாளில்தான் தொடங்கின. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் லேப்டாப் வந்தது. கொள்முதல் செய்தது 1977-ல் தொடங்கப்பட்ட எல்காட் நிறுவனம். அடுத்தடுத்த வருஷங்களில் மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன. நான் அப்போது ஆசிரியர் வேலையில் இருந்தேன். ஒரு பெண் அதை வாங்கியதும் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பஸ் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று அதற்கு யாரோ சொல்லியிருந்தார்கள். 2012-ல் நாம் அனுபவித்த மின்வெட்டு ஞாபகம் இருக்கும். விளக்கில்லாத ராத்திரிகளில் பல வீடுகளில் அந்தத் திரை வெளிச்சத்தில்தான் சாப்பாடு நடந்தது.

முதலில் வந்த லேப்டாப்களில் 2 ஜிபி ரேமும், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸும் இருந்தது, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைத்திருந்தார்கள். இதற்குப் பார்ட்டிஷன் என்று பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2001 சனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். நிலம் அதே நிலம்தான், கோடுதான் மாறியது. டிஸ்க்கிலும் அப்படித்தான்.

இப்போது அந்த டிஸ்க்கின் கதைக்கு வருவோம்.

1956 என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான். அந்த வருஷம் நவம்பர் 23 விடியற்காலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே 1956 செப்டம்பரில் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம், உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியை அறிவித்தது. அதன் பெயர் ராமாக். இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுழல விட்டிருந்தார்கள். டிஸ்க் பெட்டி மட்டும் ஒரு டன்னுக்கு மேல் எடை. கணினியின் மாத வாடகை 3,200 டாலர். இத்தனைக்கும் அதில் பதிய முடிந்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 5 எம்பி. இப்போதைய கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல போட்டோ அந்த அளவுக்கு வந்துவிடும்.

இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ரெனால்ட் ஜான்சன். ஐபிஎம்முக்கு வருவதற்கு முன் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார். விடைத்தாள் திருத்தும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்ததால்தான் ஐபிஎம் அவரை அழைத்துக்கொண்டது. வாத்தியார் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

அதன்பின் தட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. 1980-ல் சீகேட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல டிஸ்க் கொண்டு வந்தது. ஒரு டன் பெட்டியில் இருந்த அதே 5 எம்பி, இப்போது கையில் தூக்கும் பொருளாகிவிட்டது. 1983-ல் ஸ்காட்லாந்தின் ரொடைம் நிறுவனம் மூன்றரை அங்குலத்துக்குக் குறைத்தது. 1988-ல் அமெரிக்காவின் ப்ரெய்ரிடெக் நிறுவனம் இரண்டரை அங்குலத்தில் 20 எம்பி டிஸ்க்கை வெளியிட்டது. நம் லேப்டாப்பில் இருப்பது இந்த இரண்டரை அங்குல வகையின் வாரிசு. அதே 1988-ல் பிரான்ஸின் ஆல்பர்ட் ஃபெர், ஜெர்மனியின் பீட்டர் க்ரூன்பெர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். மெல்லிய உலோக அடுக்குகளில் காந்தப்புலம் லேசாக மாறினாலும் மின்தடை பெரிதாக மாறுகிறது என்பதுதான் அது. இதனால் மிகச் சின்ன காந்தப் புள்ளியையும் படிக்க முடிந்தது. டிஸ்க்கின் கொள்ளளவு ஏறியதற்கு இது ஒரு பெரிய காரணம். இருவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. 320 ஜிபி என்றால் ராமாக்கைப் போல 64,000 மடங்கு. அதைத்தான் பிள்ளைகள் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே, 2011 அக்டோபரில், தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகின் ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பங்கு அங்கேதான் தயாரானது. அயுத்தயா மாகாணத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை தண்ணீருக்குள் நின்றது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு மோட்டார் செய்துகொடுக்கும் ஜப்பானின் நிடெக் நிறுவனத்தின் ஆலைகளும் மூழ்கின. உலகம் பூராவும் டிஸ்க் தட்டுப்பாடு, விலை ஏற்றம். எங்கேயோ ஓர் ஆறு கரை உடைத்தால் அது பாலக்கரை கடையின் விலைப்பட்டியல் வரைக்கும் எட்டும் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

சரி, லேப்டாப் ஏன் மெதுவாகிறது? உள்ளே உண்மையில் அசையும் பாகங்கள் ரொம்பக் கொஞ்சம்: காற்றாடி, டிவிடி இருந்தால் அது, அப்புறம் ஹார்ட் டிஸ்க். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று சுழலும். அதன்மேல் படிக்கும் முனை, தட்டில் படாமல், முடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவான உயரத்தில் மிதக்கிறது. ஒரு கோப்பைத் தேட, முனை நகர்ந்து, தட்டு சுற்றி வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இப்படி விநாடிக்கு அறுபது, எழுபது தடவைதான் தேட முடியும். விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேட வேண்டும். கால் மணி நேரம் அங்கேதான் போகிறது. நம் ஊர் வெயிலும் தூசியும், ஓடிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்து நழுவுவதும் சேர்ந்தால், டிஸ்க் தேய்ந்து படிக்கவே திணறும். லேப்டாப்பின் மற்ற பாகங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

மாற்று இருக்கிறது, அதன் பெயர் எஸ்எஸ்டி. சுழலும் தட்டே இல்லாத, சில்லுகளால் ஆன டிஸ்க். இதற்கு அடிப்படையான ஃப்ளாஷ் நினைவகத்தை 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தார். கேமராவின் ஃப்ளாஷ் மாதிரி ஒரே நொடியில் அழிந்துவிடுகிறதே என்று சக ஊழியர் ஒருவர் சொன்னதால் அந்தப் பெயர் வந்தது. 1991-ல் சான்டிஸ்க் நிறுவனம் 20 எம்பி எஸ்எஸ்டியை ஆயிரம் டாலர் அளவுக்கு விற்றது. 2007-ல் ஏசஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப் 4 ஜிபி ஃப்ளாஷோடு வந்தபின்தான் சாதாரண மக்கள் கைக்கு அது வந்தது. நமக்கு வசதி என்னவென்றால், பழைய லேப்டாப் டிஸ்க்கின் அதே இரண்டரை அங்குல அளவில், அதே சாட்டா முனையோடு எஸ்எஸ்டி கிடைக்கிறது. அதே இடத்தில், அதே திருகாணியில் உட்கார்ந்துகொள்ளும்.

போன வருஷம் குன்னம் பக்கத்துப் பழைய மாணவி ஒருத்தி அவளுடைய அரசு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், கொரோனா சமயத்தில் இறந்துவிட்டார். அவருடைய போனிலிருந்த படங்களையெல்லாம் இதில்தான் ஏற்றி வைத்திருந்தாள். போன் எப்போதோ உடைந்துபோயிற்று. "இது ஆன் ஆகலைன்னாலும் பரவாயில்ல சார், அப்பா படம் மட்டும் எடுத்துக் குடுங்க" என்றாள்.

பெரம்பலூரில் எனக்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போனேன். கடைத் தம்பி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டிக் டிக்னு சத்தம் வருது சார், இனிமே இதை ஆன் பண்ணாதீங்க" என்றார். பேட்டரியைக் கழற்றி, பின்மூடியின் திருகாணிகளை எடுத்து, டிஸ்க்கை அதன் தட்டோடு உருவினார். பெரிய வேலையே இல்லை, ஐந்து நிமிஷம்தான். ஆனால் புது டிஸ்க்கை அவர் உடனே போடவில்லை. பழையதை யுஎஸ்பி பெட்டி ஒன்றில் மாட்டி, லினக்ஸ் கணினியில் சொருகி, படிக்க முடிகிற பகுதியை முதலிலும், அடம்பிடிக்கிற பகுதியைக் கடைசியிலும் நகலெடுக்க வைத்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தால் இருப்பதும் போய்விடுமாம்.

மறுநாள் போனபோது படங்களில் பெரும்பாலானவை வந்திருந்தன. பதினேழு படம் திறக்கவில்லை. ஒரு படத்தில் பாதி வந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நின்றது. லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு அவர் சிரிக்கும் படம். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. "முகம் வந்துடுச்சுல்ல சார், போதும்" என்றாள். எஸ்எஸ்டி போட்ட அந்த லேப்டாப்பில் இப்போது அவள் மகன் பாடம் பார்க்கிறான். ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. பேட்டரி போய்விட்டதால் சார்ஜரைச் சொருகியே ஓட்டுகிறார்கள்.

உங்களில் யாராவது இந்த வேலையைச் செய்வதாக இருந்தால், நான் அங்கே கற்றுக்கொண்டதில் நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள். சத்தம் வந்தபிறகு எடுப்பது கஷ்டம்.

இரண்டு, தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுங்கள். நம் அரசு அலுவலகங்களில் வருஷக்கணக்கில் வானவில் அவ்வையாரில்தான் தட்டச்சு செய்தோம். யூனிகோடுதான் தரம் என்று 2010-ல் அரசாணை வந்தது. அதற்கு முந்தைய கடிதம், குடும்ப வரலாறு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கும். எழுத்துரு இல்லாமல் புது டிஸ்க்கில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இந்தப் பழைய பெட்டிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. காசு கிடையாது, தமிழும் தெரியும்.

நான்கு, எஸ்எஸ்டியும் நிரந்தரம் இல்லை. ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்தாலும் பதிவு மங்கலாம். அதனால் முக்கியமானதை இரண்டு இடத்திலாவது வையுங்கள். கழற்றிய பழைய டிஸ்க் ஓடுகிற நிலையில் இருந்தால், யுஎஸ்பி பெட்டியில் போட்டு அதையே இரண்டாவது இடமாக்கிக்கொள்ளலாம்.

2026 சனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு மறுபடி லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் 320 கொடுத்தவர்கள் இப்போது 256 தானே கொடுக்கிறார்கள் என்று தெருவில் ஒருவர் என்னிடம் கேட்டார். இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் அவருக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். புது லேப்டாப் வீட்டுக்கு வந்துவிட்டது என்று பழையதை இரும்புக்காரருக்குப் போடும் முன், ஒரு தடவை பின்மூடியைத் திறந்து, அந்த டிஸ்க்கில் யாருடைய படம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.