கென்னி சிகிச்சை முறை

இளம்பிள்ளை வாதத்தால் ஸ்வாதீனம் இழந்த கைகால்களை வெந்நீர்க் கம்பளி ஒற்றடத்தாலும், வலி தணிந்த பின் தசைகளை மறுபடியும் பழக்குவதாலும் மீட்க முயன்ற முறை இது. இதனை வகுத்த எலிசபெத் கென்னி (1880–1952) ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்திற் பிறந்தவர். 'சிஸ்டர்' என்பது முதல் உலக யுத்தத்தில் படைத் தாதியாகக் கப்பல்களிற் பணியாற்றியபோது கிட்டிய பதவிப் பெயரேயன்றி, பலர் எண்ணுவதுபோல் துறவறத்தின் அடையாளம் அன்று.

வலிவு குன்றிய தசையை எதிர்த்தசை இழுத்து அங்கத்தைக் கோணலாக்கிவிடும் என்றஞ்சி, அந்நாளைய வைத்தியர்கள் நோயுற்ற அவயவத்தை மரச்சிம்பிலோ மாவுக்கட்டிலோ மாதக்கணக்கில் அசையாது பிணித்து வைப்பது சம்பிரதாயமாக இருந்தது. கென்னி அக்கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். பழைய கம்பளத்தைத் தசையின் அளவுக்குக் கத்தரித்து, கொதிநீரில் தோய்த்து, தோல் வெந்துவிடாதபடி ஒரு சொட்டும் எஞ்சாமல் இருமுறை பிழிந்து, மூட்டுகளை விட்டுத் தசையின்மேல் மட்டும் சுற்றுவார்கள். அதன்மேல் நீர் ஊடுருவாத் துணியும் உலர்ந்த கம்பளமும் வரும். பின்பு, இன்ன தசை எலும்பில் இன்ன இடத்தில் பற்றுகிறது என்று குழந்தைக்கு விரலால் தொட்டுக் காட்டி, அதன் மனத்தை அவ்விடத்திலேயே நிற்கச் செய்து, தாதி காலை மெல்லத் தாமே அசைப்பார். முழங்காலுக்குரிய வேலையைச் செய்ய இடுப்பு முந்திக்கொண்டு வந்தால் அந்தக் கணமே நிறுத்திவிடுவார். தவறான தசை ஒரு வேலையைப் பழகிக்கொண்டால், உரிய தசை அதனை மறந்தே போகும் என்பது அவர் கண்ட அனுபவம்.

குவீன்ஸ்லாந்து அரசாங்கம் நியமித்த வைத்தியர் கமிஷன் 1938-இல் இம்முறையை நிராகரித்தது. 1940-இல் அமெரிக்கா சென்ற கென்னிக்கு மினியாபொலிஸ் நகரம் இடங்கொடுக்க, 1942-இல் அங்கே அவர் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது.

அவருடைய சித்தாந்தம் பிழையானது. நோயின் மூலம் தசையிறுக்கமே என்று கடைசிவரை வாதாடினார். உண்மையில் கிருமி அழிப்பது தண்டுவடத்தின் முன்புறத்திலுள்ள இயக்க நரம்பணுக்களையே. மாண்ட அணு மீள்வதில்லை. பிழைத்த அணுக்கள் புதுக்கிளை விட்டு, அநாதையாய்க் கிடக்கும் தசைநார்களுட் சிலவற்றைத் தமதாக்கிக்கொள்கின்றன. அவ்வாறு எஞ்சிய வலிமையை மாவுக்கட்டுக்குள் வீணாக்காமல் உரிய தசைக்கே பழக்கியதுதான் அம்மையார் செய்த உபகாரம். காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் காரியத்தைச் சரியாகவே செய்தார்.

மினியாபொலிஸ் நிலையம் பிற்காலத்தில் பக்கவாதமும் தண்டுவடக் காயமும் உற்றோருக்குப் பயிற்சியளிக்கும் இடமாக விரிந்து, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடைபெற்று வருகிறது.